கேட்காமல் நீக்கும் வழி

சமூக வலைத்தளப் பெருநிறுவனங்களைச் சட்டத்துக்குக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும். எந்தப் பிரிவைக் கொண்டு கட்டுப்படுத்துகிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே ஒன்றிய அரசு ஒரு பதிவை முடக்கலாம். காரணத்தை எழுத்தில் பதியவேண்டும், குழு ஆராயவேண்டும், விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பவேண்டும். 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், 69ஏ செல்லும் என்றது இந்தக் காப்புகளைச் சுட்டிக்காட்டித்தான்.

79ஆவது பிரிவின் நோக்கம் வேறு. பயனர் எழுதியதற்குத் தளம் பொறுப்பல்ல என்று அது பாதுகாப்பு தருகிறது. சட்டவிரோதமானது என்று அரசு தெரிவித்தும் நீக்காவிட்டால், 3(பி) உட்பிரிவின்படி அந்தப் பாதுகாப்பு போய்விடும். 2024இல் உள்துறை அமைச்சகம் தொடங்கிய ‘சஹ்யோக்’ இணையவாசல் இந்த உட்பிரிவை நம்பியே இயங்குகிறது. மத்திய முகமைகளும் மாநிலக் காவல்துறைகளும் அதன்வழியே நீக்கக் கோரலாம். 69ஏ கேட்கும் குழுவும் விசாரணையும் இங்கே இல்லை. இந்தச் சட்டத்தின்கீழ் வந்த 2021 விதிகள் தளத்துக்கு முதலில் தந்த அவகாசம் 36 மணி நேரம்.

கோடிக்கணக்கான பதிவுகளில் ஒன்றுக்காக எந்த நிறுவனம் வழக்கைத் தலையில் ஏற்றிக்கொள்ளும்? நீக்கிவிட்டால் செலவில்லை. நிறுவனத்துக்கென்று போட்ட கடிவாளம் இப்படித்தான் எழுதியவரின் வாயை அடைக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தின் ஊழலைப் படம்பிடித்துப் போடுகிறவருக்கு வழக்கறிஞர் படையா இருக்கிறது?

சஹ்யோக் முறையை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பர் 24 அன்று தள்ளுபடி செய்தது. பிறகு வந்த விதித் திருத்தம், கோரிக்கை அனுப்பும் அதிகாரத்தை இணைச் செயலாளர், காவல்துறை டிஐஜி போன்ற உயரதிகாரிகளோடு நிறுத்தியது. மாதாந்திர மறுஆய்வையும் சேர்த்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் மறுஆய்வு செய்பவரும் அரசு அதிகாரியே. பதிவிட்டவரின் பேச்சுக்கு அங்கும் இடமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பதிவை நீக்கும் தளம் அதற்கான காரணத்தைப் பயனருக்குச் சொல்லவேண்டும் என்கிறது. முறையிடவும் வழி தருகிறது. நம் விதிகளிலும் இதை எழுதலாம்: ஆணையின் நகல் பதிவிட்டவருக்குப் போகவேண்டும், அவர் தரப்பைக் கேட்கவேண்டும். அந்த நகல் கையில் இருந்தால்தான் அவர் உயர் நீதிமன்றத்தின் படியேற முடியும்.