கை கழுவுவதும் கைகழுவி விடுவதும்

சாப்பிட உட்காரும்போது "கை கழுவிட்டியா?" என்று கேட்காத அம்மா நம்ம வீடுகளில் கிடையாது. ஆனால் கை கழுவாமல் சாப்பிட்ட சீடர்களுக்காக இயேசு பரிந்து பேசியதாக மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரம் கூறுகிறது. "அப்போ கழுவ வேண்டாமா?" என்று பிள்ளைகள் கேட்டால் நியாயம்தானே! இதற்குப் பதில் சொல்ல, அழுக்கு வேறு, தீட்டு வேறு என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மோசேயின் சட்டத்தில் (யாத்திராகமம் 30) ஆசாரியர்கள்தாம் திருப்பணிக்கு முன் வெண்கலத் தொட்டித் தண்ணீரில் கையும் காலும் கழுவ வேண்டும். சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்ற விதி அதில் இல்லை. அது பரிசேயர் போற்றிய முன்னோர் மரபு. ஆலயத்தின் தூய்மை வீட்டுப் பந்தியிலும் விளங்க வேண்டும் என்ற பக்தியே அதன் வேர் என்பர் அறிஞர். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத நூலில் 'யாதாயிம்', அதாவது 'கைகள்', என்றே ஒரு பகுதி உண்டு. எவ்வளவு தண்ணீர், எந்தப் பாத்திரம், எப்படி ஊற்றுவது என்றெல்லாம் அதில் விவரம் இருக்கிறது. கானாவூர்க் கலியாண வீட்டிலும் தூய்மைச் சடங்குக்காக 6 கற்சாடிகள் இருந்தன. கல்லைத் தீட்டு பற்றாது என்பது அவர்கள் நம்பிக்கை.

ஆக, பிரச்சினை கிருமியைப் பற்றியதல்ல. இயேசு எதிர்க்கேள்வி கேட்டார். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டிய பொருளை 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்தது, என்று சொல்லிவிட்டு அவர்களைப் பட்டினி போடலாமா? விதியைக் காப்பாற்றிக் கடமையைத் தட்டிக் கழிக்கிறீர்களே! வயிற்றுக்குள் போவதல்ல, நெஞ்சிலிருந்து புறப்படும் களவும் வஞ்சகமும் பொறாமையுமே மனிதனைத் தீட்டாக்கும் என்றார். தீட்டுக்குப் பயந்து ஊர் ஒதுக்கிய தொழுநோயாளியை அவர் தொட்டே குணமாக்கினார். உடம்புக்குத் தண்ணீர், உள்ளத்துக்கு உண்மை என்று வள்ளுவர் 298-ஆம் குறளில் பிரித்துக் காட்டியதை அறிந்த நமக்கு இது அந்நியமல்ல.

பைபிளில் இன்னொரு கைகழுவலும் உண்டு. ஆளுநன் பிலாத்து கூட்டத்தின் முன் கையைக் கழுவிக்கொண்டு, இவர் சாவுக்குத் தான் பொறுப்பல்ல என்றான் (மத்தேயு 27). கை சுத்தமாயிற்று; தீர்ப்பு மாறவில்லை. கத்தோலிக்கத் திருப்பலியில் காணிக்கைக்குப் பின் குருவானவர் கை கழுவுவது இதற்கு நேர்மாறானது. தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதிலிருந்து தன்னைக் கழுவும்படி அவர் வேண்டுகிறார்.

இதை வைத்து சோப்பை ஒதுக்கிவிடக் கூடாது. 1847-இல் வியன்னாவில் டாக்டர் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வரும் மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவியே பிரசவம் பார்க்க வேண்டும் என்றார். தாய்மாரின் சாவு வெகுவாகக் குறைந்தது. 2020-இல் கொரோனா அதே பாடத்தை நமக்கும் சொல்லிக் கொடுத்தது. கை கழுவுவது பிறர் உயிரைக் காக்கும் அன்புச் செயலும் ஆகும்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்திருக்கும் நமக்கு அந்தக் கொர்பான் கேள்வி சுருக்கென்று தைக்கும். கோயில் காரியத்துக்கும் சங்க விழாவுக்கும் தாராளமாகக் கொடுக்கிறோம், நல்லதுதான். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு மருந்துச் செலவுக்குப் பணம் போச்சா, இந்த வாரம் அவர்களோடு பேசினோமா என்பதையும் பார்த்துக்கொள்வோம். பெற்றவர்களைக் கைகழுவி விட்டால், எத்தனை முறை கை கழுவினாலும் அந்தத் தீட்டு போகாது.