மழைக்காட்டு மண்ணின் கணக்கு

எங்களுக்கு மழைக்காடு என்றால் சிங்கராஜா. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அமேசன். இவ்வளவு மரம் வளருதெண்டால் மண் எவ்வளவு வளமாக இருக்கும் என்றுதான் இரண்டு தலைமுறையும் நினைக்கிறது. அநேகமான மழைக்காடுகளில் உண்மை அதற்கு நேர்மாறு. இலட்சக்கணக்கான ஆண்டுகள் மழையில் ஊறி, சத்துக் கழுவுப்பட்டுப்போன புளிப்பு மண் அது. காட்டின் சொத்து பெரும்பாலும் மரத்திலும் உதிர்ந்த இலையிலும்தான் இருக்கிறது.

ஜேர்மனியில் பீச் மரக் காட்டில் நடந்தால், முந்தின வருட இலையும் அதற்கு முந்தினதும் காலுக்குக் கீழே சரசரக்கும். குளிரில் உக்குவதற்கு அவ்வளவு காலம் எடுக்கும். வெப்பமண்டலக் காட்டில் அது பெரும்பாலும் மாதக்கணக்கு விஷயம். பூஞ்சைகளும் பக்டீரியாக்களும் இலையைப் பிரிக்க, வேர் உடனேயே இழுத்துக்கொள்ளும். சேமிப்பே இல்லாத அன்றாடங்காய்ச்சிக் குடும்பம்! வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைக்கு 1885இல் 'மைக்கொரைசா' என்று பெயர் வைத்தவர் பேர்லினில் இருந்த அல்பேர்ட் பேர்ன்ஹார்ட் ஃபிராங்க்.

காட்டை வெட்டினால் இந்தக் குடும்பத்துக்கு என்ன நடக்கும்? கோட்டிங்கன் பல்கலைக்கழகம் இந்தோனேசியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து 2012 முதல் சுமத்திராவின் ஜாம்பி மாகாணத்தில் இதைத்தான் ஆராய்ந்தது. மழைக்காடு, காட்டோடு கலந்த ரப்பர், தனி ரப்பர்த் தோட்டம், முள்தேங்காய்த் தோட்டம் என நான்கையும் ஒப்பிட்டார்கள்.

என்னை யோசிக்க வைத்தது பக்டீரியாக் கணக்கு. தோட்டமானதும் அவற்றின் வகைகள் குறையவில்லை. சில இடங்களில் கூடியும் இருந்தன. உரமும் சுண்ணாம்பும் போட்டு மண்ணின் புளிப்புக் குறைந்ததுதான் முக்கிய காரணம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் "மண் நல்லாத்தான் இருக்கு" என்று தோட்டக்காரர் சொல்லிவிடலாம். ஆனால் அங்கே இருந்த ஆக்கள் மாறிவிட்டார்கள். புலம்பெயர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: ஊரில் சனத்தொகை அதேயளவு இருக்கலாம், பழைய சனம் இருக்காது.

மற்றக் கணக்குகள் மறைக்க முடியாதவை. உதிர்ந்த இலைகளுக்குள் வாழும் சிறுபிராணிகளின் உணவுச் சங்கிலியில் ஓடும் சக்தி, முள்தேங்காய்த் தோட்டத்தில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மேல்மண்ணின் கரிமச்சத்து 70 சதவீதம் வரை குறைந்திருந்தது. ஒரு பகுதி உக்கிப் போனது, மிச்சம் மழையோடு மண்ணாகவே அடித்துச் செல்லப்பட்டது.

ஒரு நல்ல சேதியும் உண்டு. அங்குள்ள ஒரு பெரிய முள்தேங்காய்த் தோட்டத்துக்குள் 52 இடங்களில் மரத்திட்டுகள் அமைத்தார்கள். உயிரினங்கள் கூடின, தோட்டத்தின் மொத்த விளைச்சல் விழவில்லை.

இலங்கையில் 2021இல் முள்தேங்காய்ச் செய்கை தடை செய்யப்பட்டது. ஜேர்மன் கடைகளில் பிஸ்கட், சொக்லேட் பூச்சு, மார்ஜரின் எதை எடுத்தாலும் அந்த எண்ணெய் இருக்கலாம். எந்தத் தாவர எண்ணெய் என்று பெயர் போட வேண்டுமென்ற ஐரோப்பியச் சட்டம் 2014 டிசம்பரிலிருந்து இருக்கிறது. எங்கட வீட்டு அலுமாரியைத் திறந்து பொதிகளை வாசித்துப் பார்த்தால் தெரியும்.

2023இல் வந்த ஐரோப்பியக் காடழிப்புத் தடைச் சட்டம், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழித்த நிலத்திலிருந்து முள்தேங்காய், ரப்பர், கோப்பி போன்றவை வரக்கூடாது என்கிறது. நடைமுறைப்படுத்துவது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அது முக்கியமாகக் கேட்பது மரம் எப்போது விழுந்தது என்பதைத்தான். அதற்கு முன்பே தோட்டமாகிவிட்ட ஜாம்பி மண்ணைப் பற்றி அதில் கேள்வியே இல்லை.