குயவன் வீட்டில் எரேமியா

துன்பமுற்றவர்க்கு ஆறுதல் கூறப் புகும் கிறிஸ்தவ அன்பர்கள் எடுத்தாளும் உவமைகளுள் குயவனும் களிமண்ணும் என்பது பெருவழக்காயுள்ளது. இறைவன் குயவன், நாம் களிமண், அவர் நம்மை வனைகின்றார், ஆதலாற் பொறுத்திருப்போம் என்பர். செபக்கூட்டங்களிலும் இழவு வீடுகளிலும் ஒருங்கே கேட்கப்படும் உரை இது. நல்லுரையே. ஆயினும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருத்தியிடம் இதனை ஒரு மூச்சிற் சொல்லிவிட்டு எழுந்து போதல் மிக எளிது. மண்ணானது குயவனை வினாவலாகாது என்னும் கருத்து ஏசாயாவின் ஆகமத்திலும் பவுலின் நிருபத்திலும் வருவதனையும் உடன்சேர்த்து ஓதிவிட்டால், அவள் வாய் முற்றாகவே அடைபட்டுவிடும். ஆதலின், இவ்வுவமையை நேரிற் கண்டு விரித்துரைத்த எரேமியா தீர்க்கதரிசி தாம் எவ்வாறு வாழ்ந்தார் என்பதைச் சிறிது நோக்குவோம்.

எருசலேமுக்கு வடகிழக்கே இரண்டு மூன்று நாழிகை நடையிலுள்ள ஆனதோத்து என்னும் ஊரில் ஆசாரியர் குடியிற் பிறந்தவர் எரேமியா. யூதாவின் அரசனான யோசியாவின் 13ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.மு. 627 அளவில், இளம் பருவத்தினரான அவருக்கு இறைவாக்கு உண்டாயிற்று. தாயின் வயிற்றில் உருவாக்கு முன்னரே அவரை அறிந்திருந்ததாகக் கர்த்தர் கூறுவதோடு அவ்வாக்குத் தொடங்குகின்றது. ஈண்டு உருவாக்குதல் என நாம் பெயர்த்துக்கொள்ளும் எபிரேய வினை 'யாத்சர்' என்பது. குயவனைக் குறிக்கும் 'யோத்சேர்' என்னும் பெயர் அவ்வினையடியாகப் பிறந்ததே. ஆதியாகமத்திலே மண்ணினால் மனிதனை ஆக்கிய செயலும் அச்சொல்லாலேயே சுட்டப்படுகின்றது. நம் மொழியிலும் வனைதல் என்னுஞ் சொல் கலஞ்செய்தல், அழகுசெய்தல் ஆகிய இரண்டனையும் உணர்த்துதல் கற்றோர் அறிந்ததே. ஆகவே, பின்னொரு நாள் குயவன் வீட்டுக்குச் செல்லுமாறு கட்டளை பிறந்தபோது, தம்மை வனைந்த கையின் தொழிலையே காண அவர் சென்றார் எனல் பொருந்தும்.

அவ்வாகமத்தின் 18ஆம் அதிகாரம் அக்காட்சியைச் சில வரிகளில் முடித்துவிடுகின்றது. குயவன் திரிகையில் வேலை செய்துகொண்டிருந்தான். திரிகைக்கு மூலத்திலுள்ள பெயர் இரு கற்கள் எனப் பொருள்படுவது. கீழ்க்கல்லைக் கால் உந்த, மேற்கல்லிலே கை வனையும் என்பர் ஆராய்ந்தோர். வனைந்த கலம் அவன் கையிலேயே கெட்டுப்போயிற்று. கெட்ட காரணம் சொல்லப்படவில்லை. சிறு கல்லொன்று மண்ணுட் கிடந்தாலும், நீர் கூடினாலும் குறைந்தாலும், பிசையும்போது காற்று உள்ளே அடைபட்டாலும் கலம் கோணும் என்பது இத்தொழிலாளர் யாவரும் அறிந்தது. குயவன் அம்மண்ணைத் தெருவிலே வீசினானல்லன். திரும்பவும் திரட்டி, தனக்கு நலமெனத் தோன்றியவாறு வேறொரு கலமாக வனைந்தான். 'வேறொரு கலம்' என்பதைக் கவனித்தல் வேண்டும். இழந்தது இழந்தவாறே மீளும் என்று இவ்வுவமை எவர்க்கும் வாக்களிக்கவில்லை.

மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று நம் சமயநூல்களைக் கற்ற மாணாக்கர் மனப்பாடமாகச் சொல்வர். அங்கே மண் அறிவற்ற சடம், செய்யப்படும், செய்யாது. எரேமியாவின் மண்ணோ அத்தகையதன்று. தீமையினின்று ஒரு சாதியார் திரும்புவாராயின் தாம் எண்ணிய தண்டத்தைத் தவிர்ப்பதாகக் கர்த்தர் உடனே கூறுகின்றார். மண்ணுக்குத் திரும்பும் வன்மை உண்டென்றால் அது விடைகூறும் மண். விடைகூறவல்லது வினாவவும் வல்லது. மேலும், அவ்வாக்கு யூதா மக்கள் அனைவரையும் நோக்கி எழுந்தது. இன்னானுக்கு இந்நோய் வந்த காரணம் இது என்று நாள்தோறும் விளக்கம் சொல்லுதற்கு அதனைக் கருவியாக்குதல் உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தலாகும்.

அடுத்த அதிகாரத்திலும் மட்கலமே வருகின்றது. இம்முறை அது சூளையிற் சுட்ட சாடி. மூப்பர் சிலரை அழைத்துக்கொண்டு இன்னோம் பள்ளத்தாக்குக்குச் சென்று, அவர் கண்முன்னே அதனை உடைத்தார் எரேமியா. பச்சை மண்ணைப் பிசைந்து மீளவும் வனையலாம். சுட்ட கலம் உடைந்தால் ஓடுதானே! இச்செயலின் பின் ஆலயத்திற்கு வந்து அவர் உரைத்தவற்றைக் கேட்ட பஸ்கூர் என்னும் ஆலய அதிகாரி, அவரை அடித்துத் தொழுமரத்தில் மாட்டி ஓரிரவு வைத்தான். மறுநாள் விடுபட்டவர் பொறுமைப் பாட்டுப் பாடினாரா? இல்லை. கர்த்தர் தம்மை இணங்கச் செய்து ஏமாற்றிவிட்டதாக அவர் முகத்துக்கு நேரே முறையிட்டார். தாம் பிறந்த நாளையே சபித்தார். அவ்வாக்கைச் சொல்லாதிருப்போமெனினும், எலும்புக்குள் அடைபட்ட நெருப்புப் போல் எரிகின்றதே என்று புலம்பினார். இப்புலம்பலை அவநம்பிக்கை என்று ஒருவரும் அழித்துவிடவில்லை. வேதாகமத்துள்ளே அது இன்றும் நிற்கின்றது. நம்பாதவன் எவரிடம் சென்று முறையிடுவான்?

இவர்க்கு மணம் விலக்கப்பட்டது. சொந்த ஊராரே கொல்லச் சூழ்ந்தனர். பாருக்கு என்னும் எழுத்தாளனைக் கொண்டு எழுதுவித்த சுருளை, குளிர்காலத்தில் கணப்பின் அருகிருந்த யோயாக்கீம் அரசன், வாசிக்க வாசிக்கக் கத்தியால் அறுத்து நெருப்பிலிட்டான். எரேமியா மற்றொரு சுருளை எடுப்பித்து எல்லாவற்றையும் மீளச் சொன்னார். முன்னில்லாத பல வார்த்தைகளும் அதிலே சேர்ந்தன. குயவன் வீட்டிற் கண்டது இங்கே சுருளிலும் மையிலும் நிகழ்ந்தது எனலாம்.

பாபிலோனியர் நகரை முற்றுகையிட்டிருந்த காலத்தில் பிரபுக்கள் அவரைக் கயிறு கட்டி ஒரு பாழ்ந்துரவில் இறக்கினர். அதிலே தண்ணீர் இல்லை, சேறே இருந்தது. எரேமியா சேற்றில் அமிழ்ந்தார். மண்ணைப் பற்றிப் பேசியவர் மண்ணுட் புதைகின்றார். அவரை மீட்டவன் இஸ்ரவேலனல்லன்; அரண்மனை ஊழியனாகிய எபெத்மெலேக்கு என்னும் எத்தியோப்பியன். அரசனிடம் துணிந்து சென்று அனுமதி பெற்று, ஆட்களோடு வந்து, பழந்துணிகளைத் துரவினுள் விட்டு, கயிறு உறுத்தாதபடி அவற்றை அக்குளில் வைத்துக்கொள்ளுமாறு சொன்னான். இறைவன் கை என்று நாம் பெரிதாகப் பேசுகின்றோம். ஆகமமோ கந்தைத் துணியைக்கூட மறவாமற் குறித்து வைத்திருக்கின்றது. ஆறுதல் கூறப் போகும் அன்பர் அக்கந்தையையும் கையோடு கொண்டு போவது நன்று.

அம்முற்றுகைக் காலத்தே இன்னொன்றும் நிகழ்ந்தது. காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியாவிடம் தந்தையின் உடன்பிறந்தார் மகனாகிய அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி வேண்டினான். நாடோ பகைவர் கையில். நகரம் வீழும் என்று ஓயாது கூறிவந்தவரும் எரேமியாவே. இருந்தும் 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்தார். நம் நிறுவையில் அது ஏறத்தாழ 200 கிராம். சாட்சிகள் முன் உறுதி முடிந்தது. முத்திரையிட்ட உறுதியும் திறந்த பிரதியும் ஒரு மண்சாடியிலே நெடுங்காலம் கெடாதிருக்க வைக்கப்பட்டன. சாடியின் தகுதியை ஐயுற வேண்டியதில்லை: 1947இல் சாக்கடலோரத்துக் கும்ரான் குகையொன்றில் மண்சாடிகளுள் வைத்த தோற்சுருள்கள் ஏறத்தாழ 2000 ஆண்டுகள் கழிந்தும் வாசிக்கத்தக்கனவாய்க் கண்டெடுக்கப்பட்டன.

உறுதியைக் கொடுத்த பின்னரே எரேமியா செபித்தார் என்பது நுண்ணிதின் நோக்கத்தக்கது. அச்செபமும் தெளிந்தவருடைய செபமன்று. நகரம் கல்தேயர் கையில் விழும் நேரத்தில் நிலத்தை வாங்கு என்கின்றீரே என்னும் திகைப்போடுதான் அது முடிகின்றது. வெள்ளி அதற்குள் அனாமெயேல் கைக்குப் போய்விட்டது.

கி.மு. 586 அளவில் எருசலேம் வீழ்ந்தது. எஞ்சியோர் எரேமியாவையும் உடன்கொண்டு எகிப்துக்குப் போயினர். ஆனதோத்து நிலத்தை அவர் பின்னர் உழுதாரென வேதாகமத்தில் யாண்டும் இல்லை. உறுதி சாடிக்குள் இருந்தது.