ஓபோ வந்தா வாத்து, ஹார்ன் வந்தா ஓநாய்: பிள்ளைகளை கிளாசிக்கல் இசைக்கு இழுக்கும் ‘கதைக் கச்சேரி’; புதுச்சேரி பள்ளிகளில் சாத்தியமா?

தியேட்டரில் ஹீரோ திரைக்கு வருவதற்கு முன்பே அவரது பிஜிஎம் வந்துவிடும். ‘இதோ வரப்போறார்’ என்று ஐந்து வயசுப் பிள்ளைகூட சொல்லிவிடும். அதற்கு யாரும் இசைப் பாடம் எடுக்கவில்லை. இதே உத்தியை வைத்துத்தான் மேற்கத்திய கிளாசிக்கல் இசையைக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்கிறார்கள், சுமார் 90 ஆண்டுகளாக.

எப்படித் தொடங்கியது?

மாஸ்கோவில் குழந்தைகள் நாடக அரங்கை நடத்திய நதாலியா சாட்ஸ், ஆர்கெஸ்ட்ரா கருவிகளைச் சிறுவர்களுக்கு அறிமுகப்படுத்தும் படைப்பு ஒன்றை இசையமைப்பாளர் செர்கேய் புரோகோஃபியேவிடம் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் ‘பீட்டரும் ஓநாயும்’. 1936 மே 2-ம் தேதி அரங்கேறியது. சுமார் அரை மணி நேரம்தான்.

ஒருவர் கதை சொல்வார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கருவி, ஒரு மெட்டு. புல்லாங்குழல் வந்தால் குருவி. கிளாரினெட் என்றால் பூனை. உறுமுகிற பாசூன் தாத்தா. மூன்று ஹார்ன் சேர்ந்து ஊதினால் ஓநாய். சிறுவன் பீட்டருக்கு வயலின் குடும்பம் மொத்தமும். வாத்துக்கு ஓபோ, நம்ம நாகஸ்வரம் மாதிரியே சீவாளி வைத்து ஊதும் கருவி.

கடைசியில் ஓநாய் பிடிபட்டு எல்லோரும் ஊர்வலம் போகிறார்கள். வாத்தை மட்டும் காணோம், ஓநாய் விழுங்கியாச்சு. உற்றுக் கேளுங்கள் என்கிறார் கதைசொல்லி. மெதுவாக ஓபோ கேட்கிறது. வாத்து ஓநாயின் வயிற்றுக்குள் உயிரோடு இருக்கிறது! அந்த மெட்டை அடையாளம் தெரிந்த பிள்ளைக்குத்தான் இந்த இடம் புல்லரிக்கும்.

புதுச்சேரிக்கு எது பொருந்தும்?

ஒரு ஆர்கெஸ்ட்ராவையே வரவழைப்பது அரசுப் பள்ளிக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சிஸ் புலான்க் 1940-ல் தொடங்கிய ‘பாபர்’ என்ற யானைக் கதைக்கு ஒரு பியானோவும் ஒரு கதைசொல்லியும் போதும். மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்தபோது கண்ணீர் விட்ட ஊர் இது. இங்குள்ள பிள்ளைகளுக்கு யானைக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கதையை மட்டும் தமிழில் சொன்னால் சரி.

இது ஏதோ வெளிநாட்டு முறை என்றும் ஒதுக்க முடியாது. பாட்டும் கதையுமாக நடக்கும் கதாகாலட்சேபம் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் அச்சேற 1860-களில் உதவியவர், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சிசே. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, இசை படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். தவிலும் நாகஸ்வரமும் வைத்து உள்ளூர்க் கதை ஒன்று ஏன் வரக் கூடாது?

சிக்கல் வேறு இடத்தில். பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு நாள் காட்டிவிட்டு விட்டால், பிள்ளைகளுக்கு நினைவிருப்பது அன்று கொடுத்த பிஸ்கட்தான். மெட்டுகளை முந்தைய வாரமே வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும். ஆர்வம் வந்த பிள்ளைக்குப் பிறகு கருவி கையில் கிடைக்க வேண்டும். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக அதைத்தான் செய்கிறது.

வீட்டில் முயற்சி செய்ய செல்போன் போதும். யூடியூபில் ‘பீட்டரும் ஓநாயும்’ கிடைக்கும். முதலில் மெட்டுகளை மட்டும் போடுங்கள். திரையை மூடிவிட்டு, ‘இப்போ யார் வந்தது?’ என்று கேளுங்கள்.