சிறையும் மனிதனும் (9): ஊசியும் நூலும் ஏறிய கப்பல்

லண்டன் நகரத்து நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்குள் எலிஸபெத் ஃப்ரை அம்மையார் 1813ஆம் ஆண்டில் முதன்முறையாக நுழைந்ததையும், அங்கே பசியும் குளிரும் வசைமொழியும் மண்டிக்கிடந்த கூடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தையும் ஒரு தையல் வகுப்பையும் அவர் தோற்றுவித்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். அந்தச் சிறையில் இருந்த பெண்களில் பலருக்கு அது இறுதி இடமன்று. ஒரு நாள் அவர்கள் கையில் விலங்குடன் வெளியே கொண்டுவரப்பட்டு, தேம்ஸ் நதியில் நின்ற கப்பலில் ஏற்றப்பட்டு, பூமியின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் கடற்பிரயாணத்தின் கதையே இந்த வாரத்து விஷயம்.

கைதிகளை ஒரு விண்கலத்தில் ஏற்றி, நட்சத்திரங்களுக்கிடையே மிதக்கவிட்டு, காவல் புரிவோரே ஆசான்களாக இருந்து அவர்களுடைய உள்ளத்தை மீட்டெடுப்பதாகக் கற்பனைக் கதைகள் இக்காலத்தில் எழுதப்படுகின்றன. தப்பி ஓட இடமில்லாத ஒரு கலம், சுற்றிலும் எல்லையற்ற வெளி, உள்ளே காவலரும் கைதியும் ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டு மாதக்கணக்கில் முகத்தோடு முகம் பார்த்து வாழவேண்டிய நிர்ப்பந்தம் ஆகிய இந்த அம்சங்கள் அத்தனையும், எந்தக் கற்பனையின் துணையுமின்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடல்மீது உண்மையாகவே நிகழ்ந்திருக்கின்றன. 1788 முதல் 1868 வரையில் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியக் கரைகளுக்குத் தீவாந்தர சிட்சை பெற்று அனுப்பப்பட்டவர்கள் ஏறக்குறைய 1,62,000 பேர். அவர்களுள் பெண்கள் சுமார் 25,000 பேர். சில முழத் துணியையோ சில வெள்ளிக் கரண்டிகளையோ திருடியதற்காக ஏழாண்டுத் தண்டனை பெற்றவர்களே அந்தப் பெண்களில் மிகப் பலர்.

அந்தக் கப்பல்கள் தொடக்கத்திலேயே திருந்துகூடங்களாக இருந்தன என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1790ஆம் ஆண்டில் சிட்னி வந்து சேர்ந்த இரண்டாம் கப்பற் கூட்டத்தின் வரலாற்றைப் படிப்பவர் மனம் பதறாமல் இருக்க முடியாது. நெப்டியூன், சர்ப்ரைஸ், ஸ்கார்பரோ என்ற மூன்று கப்பல்களில் ஏற்றப்பட்ட ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட கைதிகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் வழியிலேயே மாண்டார்கள். கரையில் இறக்கப்பட்டவர்களிலும் நூற்றுக்கணக்கானோர் நடக்கமாட்டாமல் தவழ்ந்தும் சுமக்கப்பட்டும் வந்தார்கள். அந்தப் பிரயாணத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் அடிமை வியாபாரத்தில் பழகிய ஒரு கம்பெனியார். கப்பலில் ஏற்றப்படும் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கட்டணம் பேசியிருந்ததே அன்றி, எத்தனை தலைகள் உயிரோடு இறங்கின என்று கணக்குக் கேட்பதாகப் பேசவில்லை. ஆகவே, வழியில் இறந்துபோகும் ஒவ்வொரு கைதியும் குத்தகைக்காரனுக்கு மிச்சமாகும் ஒரு பங்கு ரொட்டியாக மட்டுமே தோன்றினான். மனிதனுடைய உயிரில் எவ்வித சிரத்தையும் இல்லாத ஓர் ஒப்பந்தம், அதை நிறைவேற்றுகிறவர்களையும் தன் சாயலிலேயே வார்த்துவிடுகிறது என்பதற்கு இதைவிடப் பயங்கரமான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இதற்குப் பின்னர் ஒப்பந்த விதி மாற்றப்பட்டது. கட்டணத்தில் ஒரு பகுதி, நலமாகக் கரையேறும் கைதிகளின் தலைக்கணக்குப்படியே குத்தகைக்காரருக்குக் கொடுக்கப்படும் என்று ஏற்பாடாயிற்று. ஆயினும் முழுமையான மாறுதலுக்கு மேலும் இருபது ஆண்டுகளும், ஒரு பழைய கைதியின் பேனாவும் தேவைப்பட்டன. வில்லியம் ரெட்ஃபெர்ன் என்பவர் பிரிட்டிஷ் கடற்படையில் இளம் மருத்துவ உதவியாளராக இருந்தபோது, 1797இல் நோர் என்னுமிடத்தில் மூண்ட மாலுமிகளின் கலகத்தில் அவர்களுக்கு ஒற்றுமையாக இருக்கும்படி யோசனை சொன்னதற்காக மரண தண்டனை விதிக்கப்பெற்று, இளம்பிராயத்தை முன்னிட்டு உயிர்ப்பிச்சை அளிக்கப்பட்டு, சிறையிலிருந்து நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பப்பட்டவர். அங்கே மன்னிப்புப் பெற்று மருத்துவத்தைத் தொடர்ந்து, சிட்னியில் பெயர்பெற்ற வைத்தியராக விளங்கினார். 1814ஆம் ஆண்டில் ஜெனரல் ஹியூவிட், த்ரீ பீஸ், சரி என்ற மூன்று கப்பல்களும் ஒன்றன்பின் ஒன்றாக நோயும் மரணமும் சுமந்துகொண்டு வந்து நின்றபோது, கவர்னர் மக்வாரி அதற்கான காரணத்தை ஆராயும் பொறுப்பை ரெட்ஃபெர்னிடமே ஒப்படைத்தார்.

கீழ்த்தளத்துக் காற்றின் அழுக்கு, நனைந்த படுக்கை, போதாத ஆகாரம், கைதிகளை மேல்தளத்துக்கு விடாத அச்சம் ஆகிய ஒவ்வொன்றையும் எடுத்துக்காட்டி, கப்பல் முதலாளியின் கைக்கு அடங்காத, அரசாங்கத்துக்கே நேரடியாகக் கட்டுப்பட்ட ஒரு மருத்துவர் ஒவ்வொரு கப்பலிலும் இருக்கவேண்டும் என்று அவர் எழுதிய அறிக்கை, பின்வந்த ஆயிரக்கணக்கானவர்களின் உயிரைக் காத்தது. 1815 முதற்கொண்டு கடற்படை மருத்துவர்கள் கைதிக் கப்பல்களின் மேற்பார்வையாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். விலங்கிட்டு அனுப்பப்பட்ட ஒருவரே, தமக்குப் பின்னால் விலங்கிட்டு வரப்போகிறவர்களுக்காகச் சட்டத்தைத் திருத்திக் கொடுத்தார் என்பது சிந்திக்குந்தோறும் நெஞ்சை நிறைக்கும் செய்தி.

மருத்துவரே காவலதிகாரியாகிவிட்ட கப்பலின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது? பொழுது புலர்ந்ததும் கைதிகள் எழுந்து, படுக்கைகளைச் சுருட்டி மேல்தளத்துக்குக் கொண்டுவந்து காற்றாட வைப்பார்கள். ஆறடிச் சதுரமான படுக்கைப் பரணில் நான்கு ஆண்கள் உறங்கவேண்டியிருந்த அந்தக் கீழ்த்தளம் நாள்தோறும் தேய்த்துச் சுத்தம் செய்யப்படும். சில பேர் கொண்ட பந்தியாகப் பிரிக்கப்பட்டிருந்த கைதிகளுக்குப் பந்திக்கு ஒருவர் போய் உணவுப் பங்கை வாங்கி வருவார். வறண்ட ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியுமே பல வாரங்களுக்கு ஆகாரமாதலால், பல்லீறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வாராதபடி எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் மருத்துவர் கண்ணெதிரிலேயே பருகக் கொடுக்கப்படும். அதற்குப் பின்னர் பிரார்த்தனை, பின்னர் பாடம். காலின் பிரௌனிங் என்ற மருத்துவர் இந்தப் பாடத்தையே கப்பலின் பிரதான தொழிலாக ஆக்கினார். கைதிகள் ஏறிய உடனேயே அவர்களைக் கூட்டி வைத்து அன்போடு பேசி, வகுப்புகளாகப் பிரித்து, அவர்களுக்குள்ளேயே எழுத்தறிந்தவர்களை ஆசிரியர்களாக நியமித்து, ஏறும்போது எழுத்தை அறியாதவன் இறங்கும்போது வேதத்தை வாசிக்கவேண்டும் என்ற சங்கல்பத்தோடு அவர் உழைத்தார்.

பெண்களின் கப்பல்களில் இந்த மாறுதலைச் செய்தவர் ஃப்ரை அம்மையார். முன்பெல்லாம், நாடு கடத்தப்படும் பெண்கள் நியூகேட்டிலிருந்து திறந்த வண்டிகளில் விலங்குடன் கொண்டுபோகப்படுவார்கள். வழிநெடுகக் கூடும் ஜனங்கள் அவர்களை ஏசியும் சேற்றை வாரி எறிந்தும் களிப்பார்கள். புறப்படுவதற்கு முந்தின இரவில் அந்தப் பெண்கள் சிறையின் கண்ணாடிகளையும் பெஞ்சுகளையும் உடைத்து நொறுக்குவது ஒரு வழக்கமாகவே இருந்தது. 1818இல் மரியா என்ற கப்பல் புறப்பட இருந்தபோது, மூடிய கோச்சு வண்டிகளில் அவர்களை அனுப்பும்படி அம்மையார் அதிகாரிகளிடம் மன்றாடிப் பெற்றார்; தாமே கூட வருவதாகவும் அந்தப் பெண்களுக்கு வாக்களித்தார். அந்த இரவு நியூகேட்டில் ஒரு கண்ணாடியும் உடையவில்லை. கப்பலில் ஏறிய பெண்களைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, தங்களுள் நல்லவள் என்று அவர்கள் கருதும் ஒருத்தியைத் தலைவியாக வைத்துக்கொள்ளச் செய்தார். பால்குடிக் குழந்தையைக் கரையில் விட்டுவிட்டுத் தாயை மட்டும் கப்பலேற்றும் கொடுமையை எதிர்த்தும் அவர் போராடினார். அன்று தொடங்கிய இந்தப் பணி, நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களை அவரும் அவருடைய தோழியரும் சென்று கண்டு, பல்லாயிரம் பெண்களை வழியனுப்பும் பெருந்தொண்டாக வளர்ந்தது.

வழியனுப்பும்போது ஒவ்வொருத்தியின் கையிலும் அவர்கள் ஒரு பையைக் கொடுப்பார்கள். அதற்குள் ஒரு பைபிள், மேலங்கிகள், தலைக்குல்லாய், சீப்பு, மூக்குக்கண்ணாடி தேவைப்படுபவளுக்கு அது. இவற்றோடு நூறு ஊசிகள், குண்டூசிகள், விரலுறை, கத்தரிக்கோல், வெள்ளையும் கறுப்பும் பலவகை வண்ணமுமான நூற்சுருள்கள், இரண்டு பவுண்டு எடை அளவுக்குத் துண்டுத் துணிகள். இந்தப் பட்டியலைச் சற்று நின்று நோக்கவேண்டும். சமூகம் கள்ளி என்று முத்திரையிட்டு, அருகில் நிற்கவும் அஞ்சிய ஒருத்தியின் கையில், கூர்மையான கத்தரிக்கோலும் நூறு ஊசிகளும் கொடுக்கப்படுகின்றன. 'நீ இவற்றை நல்லவிதமாகவே பயன்படுத்துவாய்' என்று சொல்லாமல் சொல்லிய அந்த நம்பிக்கை, எத்தனை உபதேசங்களாலும் உண்டாக்க முடியாத ஒரு சுயமரியாதையை அவளுள் விதைத்திருக்கும் என்பது என் திடமான அபிப்பிராயம். முன்னே சென்ற கப்பல்களில் இந்தத் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த விரிப்புகளை வழித்துறைமுகமான ரியோ டி ஜெனிரோவில் விற்றுக் கையில் சிறிது காசோடு கரையேறிய பெண்களும் உண்டு.

இனி, ராஜா என்ற கப்பலுக்கு வருவோம். 1841ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி, 180 பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு, இன்று டாஸ்மேனியா எனப்படும் வான் டீமன்ஸ் லாந்தை நோக்கி அது வுல்விச் துறையை விட்டுக் கிளம்பியது. மருத்துவராக ஜேம்ஸ் டானவனும், தலைவராகச் சார்லஸ் ஃபெர்குஸனும் இருந்த அக்கப்பலில், கைதிகளுக்குத் துணையாகவும் ஆசிரியையாகவும் கெஸியா ஹேட்டர் என்ற பெண் உடன் சென்றாள். விக்டோரியா மகாராணியின் சித்திரக்காரரான ஜார்ஜ் ஹேட்டருக்கு உறவினளான அவளுக்கு அப்போது வயது இருபத்துமூன்று. மில்பேங்க் சிறையில் ஏற்கெனவே பணியாற்றி அனுபவம் பெற்றவள்; ஃப்ரை அம்மையாரின் சங்கத்தார் அவளைத் தேர்ந்து அனுப்பினர். வீட்டின் சௌகரியத்தில் இருந்திருக்கக்கூடிய ஓர் இளம்பெண், நூற்றெண்பது கைதிகளோடு மூன்றரை மாதம் ஒரே மரச்சுவர்களுக்குள் வாழத் துணிந்தாளென்றால், அந்தத் துணிவைக் காவற்பணி என்ற ஒரு சொல்லால் அளந்துவிட முடியாது.

அந்த மூன்றரை மாதத்தில் அப்பெண்கள் தைத்த ஒட்டுத்துணி விரிப்பு இன்றும் இருக்கிறது. நீளத்திலும் அகலத்திலும் மூன்றேகால் மீட்டருக்குக் குறையாத அந்த விரிப்பில் 2,815 துண்டுத் துணிகள் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. நடுவே பூக்களும் பறவைகளும் அச்சிட்ட சீட்டித் துணியிலிருந்து உருவங்களை நறுக்கி எடுத்து வெள்ளைத் துணியில் பதித்திருக்கிறார்கள். அதைச் சுற்றிலும் சட்டத்துக்குள் சட்டமாகச் சிறுசிறு சதுரங்களும் முக்கோணங்களும் வரிசை வரிசையாகச் செல்லுகின்றன. சில இடங்களில் தையல் மயிரிழைபோல் நேராக ஓடுகிறது. சில இடங்களில் பழகாத கை ஒன்று தடுமாறி, நீண்டும் குறுகியும் இழை இழுத்திருப்பது தெரிகிறது. தேர்ந்தவளும் கற்றுக்கொண்டிருந்தவளும், அலையில் ஆடும் தளத்தின்மேல் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஒரே துணியைத் தைத்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் எதற்கு? விரிப்பின் அடிப்புறத்தில், ஃப்ரை அம்மையாரின் சங்கத்தைச் சேர்ந்த கைதிக் கப்பல் கமிட்டியின் சீமாட்டிகளுக்குத் தங்கள் நன்றியைத் தெரிவித்தும், உழைப்பாளிகளாய் இருக்கும்படி அவர்கள் சொன்ன புத்திமதியைத் தாங்கள் மறக்கவில்லை என்று அறிவித்தும், 1841 ஜூன் என்ற காலக் குறிப்போடு வாசகம் ஒன்றை நூலாலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த ஆண்டு ஜூலை 19ஆம் தேதி ராஜா ஹோபார்ட் துறையை அடைந்தது. பிற்காலத்தில் நினைவினின்றும் மறைந்துபோன அந்த விரிப்பு 1987இல் ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கண்டெடுக்கப்பட்டு, 1989இல் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பி, கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் காக்கப்பட்டு வருகிறது.

ஹோபார்ட்டில் இறங்கிய அப்பெண்களுக்குச் சுவர்க்கம் காத்திருக்கவில்லை. தண்டனைக் காலம் முடியும்வரை குடியேறியவர்களின் வீடுகளில் ஊழியம், தவறினால் பெண்கள் தொழிற்சிறை, தாயகத்திலே விட்டுவந்த பிள்ளைகளை மறுபடி காணும் நம்பிக்கை இன்மை என்ற துயரங்கள் அனைத்தும் அவர்களுக்கு எஞ்சியிருந்தன. சிறு திருட்டுக்காக ஒருத்தியை உற்றார் உறவினரிடமிருந்து பிரித்து உலகின் மறுபுறத்தில் தள்ளிய சட்டம் எந்த விரிப்பின் அழகாலும் நியாயமாகிவிடாது. ஃப்ரை அம்மையாரின் தொண்டைப் போற்றுகிற நாம், அந்தத் தொண்டை அவசியமாக்கிய கொடுமையை மன்னிக்கவேண்டியதில்லை.

ஆயினும் நெப்டியூன் கப்பலையும் ராஜா கப்பலையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. ஐம்பது ஆண்டு இடைவெளியில் கடல் மாறவில்லை. கைதிகளின் குலமும் குற்றமும் வறுமையும் மாறவில்லை. மாறியவர்கள் காவலர்கள். ஏற்றப்பட்ட உயிருக்குக் கணக்குச் சொல்லவேண்டிய கடமை முதலில் சட்டத்தில் வந்தது. அந்தக் கடமையை உணர்ந்த மருத்துவர்கள் அதன்பின் வந்தார்கள். கடமைக்கும் அப்பால் சென்று அன்பு செலுத்தியவர்கள் கடைசியில் வந்தார்கள். இந்த மூன்று படிகளையும் காவல் புரிவோர் ஏறிய பிறகே, கைதிகள் திருந்துவதற்குரிய வழி திறந்தது. பிராயச்சித்தம் என்பது குற்றம் செய்தவன் மட்டும் செய்யவேண்டியது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சிறைச்சாலைகளின் சரித்திரமோ, அவனை அடைத்து வைக்கிற சமூகம் தன் பங்குப் பிராயச்சித்தத்தை முதலில் செய்தாலன்றி அவனுடையது தொடங்குவதே இல்லை என்று திரும்பத் திரும்பப் போதிக்கிறது. இன்று நம்முடைய சிறைகளைச் சீர்திருத்த விரும்புகிறவர்கள், கைதியின் குணத்தைப் பற்றி ஆராய்வதற்கு முன்பு, அவனைக் காப்பவரின் சம்பளமும் பயிற்சியும் பொறுப்பும் எவ்விதம் அமைந்திருக்கின்றன என்பதை ஆராய்வார்களாக.

இந்த எண்ணத்தைக் கப்பலிலிருந்து இறக்கி, சிறைத்தீவு ஒன்றின் ஆட்சி முறையாகவே நடத்திப் பார்த்த ஒரு கடற்படை அதிகாரி இருந்தார். கசையடிக்குப் பேர்போன நார்ஃபோக் தீவில் 1840இல் பொறுப்பேற்ற அலெக்ஸாண்டர் மக்கோனகி, கைதியின் விடுதலைத் தேதியை நீதிபதியின் கையிலிருந்து எடுத்துக் கைதியின் உழைப்பிலேயே வைத்தார். அவர் கண்ட மதிப்பெண் முறையையும், அதற்காக அவர் அடைந்த புகழையும் அவமானத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)