பாற்பொருள் சேராத கட்டுச்சோறு

மீனும் முட்டையும் மட்டுமன்றிப் பால், தயிர், நெய் ஆகியவற்றையும் விலக்கும் இல்லங்கள் இன்று சில உள்ளன. அவ்வில்லத்துப் பிள்ளை பாடசாலைக்குக் கொண்டுசெல்லும் உணவிற் குறையேதும் நேருமோ என அன்னையர் கவலை கொள்வது இயல்பே.

அரிசியிற் குறைவாகவுள்ள லைசின் என்னும் புரதக்கூறு பயற்றில் நிறைந்துள்ளது. பயற்றின் குறையை அரிசி நிரப்புகிறது. ஆகவே சோற்றோடு பருப்போ, புட்டோடு அவித்த பயறோ கடலையோ வைத்தல் நன்று. 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. ஆதலின் வாரத்தில் இருநாள் குரக்கன் புட்டுக் கட்டலாம். எள்ளுருண்டை ஒன்றும் உடனிருக்கட்டும்.

கீரையிலும் பயற்றிலுமுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர விற்றமின் சி துணைபுரியும். எனவே கொய்யாத் துண்டோ தோடம்பழச் சுளையோ அதே பெட்டியில் இடம்பெற வேண்டும். உணவோடு தேநீர் அருந்தினால் அப்பயன் குறைந்துவிடும்.

பச்சைத் தேங்காய்ச் சம்பல் வெயிலில் விரைவிற் கெடும்; அதனை வீட்டில் உண்ணும் வேளைக்கென வைத்துக்கொள்ளுங்கள். உணவின் ஆவி தணிந்த பின்னரே பெட்டியை மூடுங்கள்.

இறுதியாக ஒன்று. விற்றமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவிற் கிடைப்பதில்லை. அது குறையின் சோகையும் நரம்புக் கேடும் தோன்றும். எத்துணைப் பக்குவமாகக் கட்டினும் இவ்வொரு குறையைக் கட்டுச்சோறு தீர்க்காது. மருத்துவரின் ஆலோசனைப்படி அதற்குரிய மாத்திரையைத் தவறாது கொடுத்தல் பெற்றோரின் கடமையாகும்.