பொதிக்குதிரைக்குச் சேணம் வாங்கும் முன்

பழனி மலைத் தொடரில் லாரி ஏறாத தோட்டங்கள் பல உண்டு. காப்பி, வாழைத்தார், எலுமிச்சை, வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றைச் சாலைக்குக் கொண்டுவர அங்குள்ள விவசாயிகள் மட்டக்குதிரையை நம்பியுள்ளனர். பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து வட்டக்கானலுக்கு ஏறும் பழைய ஒற்றையடிப் பாதையில் உள்ள வெள்ளகவி, தலைமுறை தலைமுறையாகக் குதிரைப் பொதியை நம்பி வாழ்ந்த ஊர். கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வருமுன் வெள்ளைக்காரர்களும் குதிரையிலும் டோலியிலும்தான் மலை ஏறினார்கள்.

குதிரை வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற விவசாயி, சேணம் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கிறார். பொருந்தாத சேணத்தால் முதுகில் புண் வந்துவிட்டால் அது ஆறப் பல வாரங்கள் ஆகும். காப்பிப் பழம் பறிக்கும் நேரத்தில் குதிரை கொட்டிலில் நின்றால் கூலி ஆள் தலைச்சுமையாக இறக்க வேண்டியதுதான்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோவில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்குப் போகிறவர்கள் அங்கேயே சேணம், கடிவாளமும் பார்க்கலாம். கடையில் முதலில் கண்ணில் படுவது குஞ்சமும் மணியும். அவற்றால் குதிரைக்கு ஒரு பயனும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜட்கா வண்டிக்கான வார்கள் இழுப்பதற்காகச் செய்யப்பட்டவை. சவாரிச் சேணம், தன் உடலைச் சாய்த்துச் சமன் செய்துகொள்ளும் மனிதனுக்காக ஆனது. மூட்டை அப்படிச் சாய்ந்து கொடுக்காது. எனவே பொதிச்சேணம் என்றே கேட்டு வாங்குங்கள்.

நல்ல பொதிச்சேணத்தில் இரண்டு மெத்தைகள் இருக்கும். அவை முதுகெலும்பின் இருபுறமும் விலா மேல் அமர வேண்டும்; நடுவே கால்வாய் போல இடைவெளி வேண்டும். எலும்பின் மேல் சுமை ஒருபோதும் ஏறக்கூடாது. சுமை ஏற்றிய பிறகும் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும்.

குதிரையைக் கடைக்கு ஓட்டிச் செல்ல முடியாதே என்பீர்கள். வளைத்தால் வளைந்த வடிவிலேயே நிற்கும் கம்பி ஒன்றை எடுத்துத் தோள்மேட்டுக்குச் சற்றுப் பின்னே குதிரையின் முதுகில் குறுக்காக வைத்து அழுத்துங்கள். அந்த வளைவைச் செய்தித்தாளில் வரைந்து வெட்டிக் கையோடு கொண்டு போங்கள். சேணத்தின் அடியில் வைத்துப் பார்த்தால் பொருத்தம் தெரிந்துவிடும்.

மலைக்கு இன்னும் இரண்டு வார்கள் அவசியம். ஏற்றத்தில் சேணம் பின்னுக்கு நழுவும். அதைத் தடுப்பது மார்பு வார். இறக்கத்தில் முன்னுக்குச் சரிந்து தோளை இடிக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது பின்தொடையைச் சுற்றி வரும் வார். சமவெளிக்காரர் இவை இல்லாமல் சமாளிக்கலாம். செங்குத்தான பாதையில் அது நடக்காது. வயிற்று வார் அகலமாக இருக்கட்டும். மெல்லிய கயிறு தோலை அறுத்துவிடும்.

தோலை மடித்துப் பாருங்கள். மேற்புறம் வெடித்தால் வேண்டாம். பட்டைச் சாற்றில் பதனிட்ட கெட்டித் தோலே வாருக்கு உகந்தது. தையலையும் கேளுங்கள். இரண்டு ஊசியால் கைத்தையல் போட்டிருந்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிடித்து நிற்கும். எந்திரத் தையல் ஓரிடத்தில் அறுந்தால் மளமளவென்று பிரிந்துவிடும். மலைப்பாதையின் நடுவே வார் பிரிந்தால் சுமையோடு குதிரையும் பள்ளத்தில்தான்.

சுமைக்கும் சட்டத்தில் அளவு உண்டு. இழுவை, பொதி விலங்குகள் பற்றிய 1965-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ, கழுதைக்கு 50 கிலோ. ஆகவே 50 கிலோ மூட்டை இரண்டை மட்டக்குதிரை மேல் போடுவது குற்றம். பக்கத்துக்கு 35 கிலோவாகப் பிரித்துக் கட்டுங்கள். ஒரு பக்கம் ஐந்து கிலோ கூடினாலும் சேணம் அந்தப் பக்கம் சாய்ந்து முதுகைத் தேய்க்கும். நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன.

புதுச்சேணத்தை முதல் நாளே முழுச் சுமையுடன் சோதிக்க வேண்டாம். பாதிச் சுமையுடன் ஒரு நடை போய்வந்து, சேணத்தை இறக்கியதும் முதுகைப் பாருங்கள். எங்கும் வியர்வை ஈரமிருக்க, ஓரிடம் மட்டும் காய்ந்து கிடந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது என்று பொருள். மெத்தையைப் பிரித்து அவ்விடத்துப் பஞ்சையோ வைக்கோலையோ குறைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் மேலே ஒரு சாக்கை மடித்துப் போடுவது பலரது வழக்கம். அது அழுத்தத்தை இன்னும் கூட்டும்.

கொடைக்கானல் பக்கத்து மூடுபனியில் தோல் எளிதில் பூஞ்சணம் பூக்கும். வேலை முடிந்ததும் வியர்வை உப்பை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். மாதம் ஒருமுறை விளக்கெண்ணெயை மெல்லியதாகத் தடவலாம். அடுப்புக்கு அருகில் மட்டும் காயவைக்காதீர்கள். தோல் விறைத்து வெடித்துவிடும்.